கர்ப்பப்பைப் புற்றுநோயும் நரம்புகளும்: குலசேகரம் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: குமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 58 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. சர்க்கரை நோய்க்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறார். மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தம் பட்டது. வலி இல்லாததால் பல மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை செய்து கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். ஆறு கீமோவில் மூன்று முடிந்திருக்கிறது. அறுவைக்குப் பிறகு வலது தொடையின் மேற்பகுதியில் உணர்ச்சி குறைவு. இரண்டாவது கீமோவிலிருந்து இரண்டு பாதங்களும் விரல் நுனிகளும் மரத்துப் போகின்றன. "காலுல செருப்பு கெடக்கான்னே தெரியல்ல மக்களே" என்கிறார். பயாப்சி அறிக்கையில் 'பெரிநியூரல் இன்வேஷன்' என்ற வரியைக் கண்டு பயந்துவிட்டோம். அதன் எதிரே 'இல்லை' என்றுதான் இருக்கிறது. கர்ப்பப்பைக்குப் போகும் நரம்பு தளர்ந்ததால் வந்த நோய் என்றும் தொக்கணம் (எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசைவது) செய்தால் சரியாகும் என்றும் ஊரில் ஒரு வர்ம ஆசான் சொல்கிறார். அப்பா இறந்த துக்கம்தான் காரணம் என்று அம்மா நம்புகிறார். புற்றுநோய் நரம்புக்குள் போய்விட்டதா? அம்மா மறுபடி வெட்டுக்குப் போக முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, கீமோ தொடங்கிய பிறகு ஏற்பட்டு, விரல் நுனிகளுக்கும் வந்திருக்கும் மரமரப்பு, நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் மருந்தின் விளைவே தவிர, புற்றுநோய் நரம்புக்குள் பரவியதன் அடையாளம் அல்ல. ஆனால் நான்காவது கீமோவை ஏற்றுவதற்கு முன்பே இதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். "கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டு, கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படி மறைப்பதால் வரும் இழப்பு பல நேரங்களில் திரும்பப் பெற முடியாததாக இருக்கிறது.

இனி, கர்ப்பப்பைக்கும் நரம்புகளுக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். முதுகுத் தண்டின் கீழ் மார்புப் பகுதியிலிருந்தும் மேல் இடுப்புப் பகுதியிலிருந்தும் இறங்கும் பரிவு நரம்புகளும் (உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் தானியங்கு நரம்புகள்), முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்புப் பகுதியின் இரண்டாவது முதல் நான்காவது வரையுள்ள வேர்களிலிருந்து வரும் துணைப்பரிவு நரம்புகளும் (ஓய்வு நிலையில் உடலை இயக்கும் தானியங்கு நரம்புகள்), கர்ப்பப்பை வாயின் இரு பக்கங்களிலும் ஒரு வலைப்பின்னலாகச் சேர்ந்து, அங்கிருந்து கர்ப்பப்பைக்குள் செல்கின்றன. இந்த நரம்புகள் பெரும்பாலும் தசைச் சுவரிலும் இரத்தக் குழாய்களைச் சுற்றியுமே இருக்கின்றன. மாதந்தோறும் உதிர்ந்து வளரும் உட்சவ்வின் மேலடுக்கில் அவை மிகவும் குறைவு. (கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் கர்ப்பப்பைத் தசையின் நரம்பு இழைகளும் பெருமளவு குறைந்து, பேற்றுக்குப் பிறகு மீண்டும் வளர்கின்றன என்பது இந்த உறுப்பின் வியப்புகளில் ஒன்று.) தங்கள் தாயாருக்கு வந்திருப்பது அந்த உட்சவ்வில் தொடங்கும் புற்றுநோய். ஆரம்பத்தில் அதில் வலி இல்லாதிருப்பதற்கு, அது முளைக்கும் இடத்தில் வலியை எடுத்துச் சொல்லும் நரம்புகள் குறைவாக இருப்பது ஒரு காரணம். இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ 10 பேரில் 9 பேருக்கு, மாதவிலக்கு நின்ற பிறகு படும் இரத்தமே அறிகுறியாக இருக்கிறது. வலியில்லை என்பதால் தங்கள் தாயார் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்ததற்கு அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். வலித்தால்தான் நோய் என்றுதானே நம் வீடுகளில் எல்லோரும் நினைக்கிறோம்.

அறிக்கையிலுள்ள அந்த வரிக்கு வருகிறேன். பெரிநியூரல் இன்வேஷன் என்றால், புற்றணுக்கள் ஒரு நரம்பைச் சுற்றி வளைத்தோ, அதன் உறைக்குள் நுழைந்தோ, அதையே வழியாகக் கொண்டு நகர்வது. கணையம், புராஸ்டேட், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் இதற்கு மிகுந்த முக்கியத்துவம் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் சிலரிடம் காணப்படுகிறது. அங்கே அது பெரும்பாலும் பெரிய, ஆழமாக ஊடுருவிய கட்டிகளோடு சேர்ந்தே வருகிறது. உட்சவ்வுப் புற்றுநோயில் இதைவிட அதிகம் கவனிக்கப்படுவது வேறு செய்தி: நிணநீர்க் குழாய்களிலும் இரத்தக் குழாய்களிலும் புற்றணுக்கள் புகுந்திருக்கின்றனவா என்பது. மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2023இல் திருத்தி வெளியிட்ட நிலைப் பகுப்பில் இந்தக் குழாய் ஊடுருவலும், கட்டியின் மரபணு வகையும் சேர்க்கப்பட்டுள்ளன. எனவே நரம்பைப் பற்றிய வரியில் 'இல்லை' என்றிருந்தால் அதை அப்படியே நம்பி விட்டுவிடுங்கள். அடுத்த முறை போகும்போது குழாய் ஊடுருவல், கட்டியின் மரபணு வகையைக் காட்டும் பி53 முதலிய சோதனைகளின் முடிவை மருத்துவரிடம் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், கவலை தமிழில் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்பது நம் எல்லைப்புறத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போனது. ஆனாலும் புரியாததை இரண்டாவது முறை கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆசான் சொன்னதில் ஒரு துளி உண்மைகூட இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நரம்புகளுக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்பதை இன்றைய ஆய்வு ஒப்புக்கொள்கிறது; ஆனால் அவர் சொல்லும் உறவு அல்ல அது. நரம்பு 'தளர்ந்து' புற்று வருவதாக அறிவியல் சொல்லவில்லை. வளர்ந்துவரும் கட்டி, நரம்பு வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, புதிய நரம்பு இழைகளைத் தன் பக்கம் இழுக்கக்கூடும் என்பதும், அந்த இழைகள் வெளியிடும் வேதிப்பொருள்கள் கட்டிக்குத் துணைபோகக்கூடும் என்பதும்தான் கண்டறியப்பட்டிருப்பவை. இத்தகைய காரணிகளில் ஒன்றைக் கண்டுபிடித்ததில் பங்கு கொண்ட ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகளின் புராஸ்டேட்டுக்குச் செல்லும் பரிவு நரம்புகளை அழித்தபோது கட்டியின் தொடக்க வளர்ச்சி தடைப்பட்டது. பரவுவதற்கு உதவியவை துணைப்பரிவு நரம்புகள். 2014இல், எலிகளின் இரைப்பைக்குச் செல்லும் நரம்பைத் துண்டித்தபோது இரைப்பைப் புற்றின் வளர்ச்சி குறைந்தது. ஆக, இந்தச் சோதனைகளில் கட்டிக்கு உதவியது உயிர்ப்போடு இயங்கிய நரம்பே. தளர்ந்த நரம்பு அல்ல. கர்ப்பப்பைப் புற்றுநோயில் நரம்பைத் துண்டித்தோ தூண்டியோ குணப்படுத்தும் சிகிச்சை இன்று எந்த நாட்டிலும் வழக்கத்தில் இல்லை.

தங்கள் தாயாரின் துக்கத்தைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். 2006இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், சினைப்பைப் புற்றணுக்கள் செலுத்தப்பட்ட எலிகளைத் தொடர்ந்து மன அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது, பரிவு நரம்பு மண்டலத்தின் சுரப்புகள் அவற்றைப் பற்றிக்கொள்ளும், கட்டியிலுள்ள பீட்டா ஏற்பிகள் வழியாகச் செயல்பட்டு, புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்து, கட்டியைப் பெரிதாக்கின. புரோப்ரனலால் என்ற பழைய இதய மருந்து அந்த விளைவைத் தடுத்தது. இந்தச் செய்தி பல கைகள் மாறி, 'கவலைப்பட்டால் கேன்சர் வரும்' என்ற வடிவத்தில் நம் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆய்வில் நடந்தது, ஏற்கெனவே உள்ள கட்டி வேகம் பிடித்தது. இல்லாத புற்றை அழுத்தம் உண்டாக்கியதாக அதில் இல்லை. கணவரை இழந்த துயரத்தால் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பைப் புற்று வந்தது என்று சொல்வதற்கு அது ஆதாரமும் ஆகாது. உட்சவ்வுப் புற்றின் அறியப்பட்ட காரணங்கள் வேறு: புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் எதிர்ச்சமன் இல்லாத ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், உடல் பருமன், சர்க்கரை நோய், வயது, சில குடும்பங்களில் வழிவழியாக வரும் மரபணுக் கோளாறு. துக்கப்பட்டதற்காகத் தண்டனை கிடைத்ததாக நினைத்துக்கொண்டு ஒருவர் கீமோ நாற்காலியில் உட்காரக் கூடாது. இதை நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் நேரில் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ளக்கூடும்; சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரோப்ரனலாலை யாரும் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும்போது தெரியவேண்டிய படபடப்பை அது மறைத்துவிடும்.

தொடையின் உணர்ச்சிக் குறைவு, பாதத்து மரமரப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத தனிச் செய்தி. இடுப்பு நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது, அவற்றை ஒட்டி ஓடும் மெல்லிய உணர்ச்சி நரம்பு இழுபடவோ அறுபடவோ நேரலாம். அதனால் தொடையின் முன் மேற்பகுதியில் தொடு உணர்வு குறையும். நடைக்கு எந்தப் பாதகமும் வராது. அறுபட்ட நரம்பு வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிலருக்கு அந்த இடம் அப்படியே இருந்துவிடுவதும் உண்டு. அதோடு வாழப் பழகிவிடுகிறார்கள். தொடையை உள்நோக்கிச் சேர்க்க முடியாமை, மாடிப்படி ஏறும்போது முழங்கால் மடங்கி விழப் பார்ப்பது போன்றவை இருந்தால் அது வேறு நரம்பு. உடனே காட்ட வேண்டும். சிறுநீர்ப் பையின் நரம்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குச் செய்யும் விரிந்த அறுவையில்தான் அவற்றுக்கு ஆபத்து அதிகம், அதனால்தான் நரம்பைக் காத்துச் செய்யும் முறையை ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் வளர்த்தெடுத்தார்கள். தங்கள் தாயாருக்கு வந்திருக்கும் வகையில் வழக்கமாகச் செய்யப்படும் அறுவை அவ்வளவு அகலமாகப் போவதில்லை.

இப்போது பாதங்களுக்கு வருவோம். உட்சவ்வுப் புற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் கீமோ, கார்போபிளாட்டினும் பேக்லிடாக்சலும் சேர்ந்தது. பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒருமுறை. பேக்லிடாக்சல், உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குழல்களை உறையவைத்துப் புற்றணு பிரிவதைத் தடுக்கிறது. நரம்பணுவும் தன் முனைக்குத் தேவையான பொருள்களை அதே நுண்குழல்கள் வழியாகவே அனுப்புகிறது. ஊர்க் குழாயில் தண்ணீர் அழுத்தம் குறைந்தால் கடைசி வீட்டுக்குத்தான் முதலில் வராமல் போகும் என்பதைப் போல, உடலில் மிக நீளமான நரம்புகள் முடியும் கால்விரல்களில்தான் முதலில் தொல்லை தெரிகிறது. பிறகு கைவிரல் நுனிகள். இரண்டு பக்கமும் சமமாக, காலுறையும் கையுறையும் போட்ட அளவுக்கு அது ஏறும். சர்க்கரை நோய் ஏற்கெனவே அதே நரம்புகளை அரித்திருக்கக்கூடும் என்பதால், தங்கள் தாயாருக்கு இது மற்றவர்களைவிடக் கடுமையாக வர வாய்ப்பு உண்டு. மருந்து ஏற்றிய இரண்டாம், மூன்றாம் நாளில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலித்து, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும் வலியும் இந்த மருந்தாலேயே வருகிறது. அது வந்து போவது, மரமரப்போ அவ்வளவு சீக்கிரம் போகாது.

மருத்துவரிடம் "மரத்துப் போகிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்ல வேண்டும். ஜாக்கெட் கொக்கியைப் பார்க்காமல் மாட்ட முடிகிறதா, தரையில் விழுந்த ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்க முடிகிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் எத்தனை அடி நடந்துவிடுகிறார், குளியலறையில் முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறாரா என்பவற்றை வீட்டிலேயே பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், தட்டினால் அதிரும் உலோகக் கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தும் சோதிப்பார்கள். பாதிப்பின் அளவைப் பார்த்து மருந்தின் அளவைக் குறைக்கலாம், சில நாட்கள் தள்ளிப் போடலாம், பேக்லிடாக்சலுக்குப் பதிலாக வேறொன்றை ஏற்றலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர். மரமரப்புக்குப் பயந்து நான்காவது கீமோவுக்குப் போகாமல் இருந்துவிடுவது, சொல்லாமல் ஏற்றிக்கொள்வதைவிடப் பெரிய கேடு.

மருந்துக் கடையில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த அட்டைகளைத் திருப்பிப் படித்தால், சிலவற்றில் அசிட்டைல் எல் கார்னிட்டின் என்ற பெயர் இருக்கும். பேக்லிடாக்சல் வகை மருந்து பெற்ற 409 பெண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், இது நரம்புப் பாதிப்பைத் தடுக்கவில்லை. 24 வாரங்களின் முடிவில் அதை அதிகப்படுத்தியிருந்தது. பி6 வைட்டமினும் பெரிய அளவில் நெடுநாள் சாப்பிட்டால் தானே நரம்பைக் கெடுக்கும். பி12 மட்டும் வேறு விதம்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு அது குறைந்துபோகிறது, அதனால் ஒரு இரத்தச் சோதனை செய்து குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்வது நியாயம். மரமரப்போடு எரிச்சலும் குத்தலும் தூக்கத்தைக் கெடுக்குமளவு இருந்தால், டுலாக்சிடின் என்ற மருந்துக்கு ஓரளவு சான்று உண்டு. 2013இல் வந்த, 231 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் அது வலியைக் குறைத்தது. வெறும் மரப்பை அது போக்காது.

தொக்கணம் பற்றி: குமரி மாவட்டத்தில் ஆசான்களின் மேல் மக்களுக்குள்ள மதிப்பை நான் அறிவேன், சுளுக்குக்கும் முறிவுக்கும் அவர்களிடம் போய் நலமடைந்தவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் கீமோ நடக்கும் காலத்தில் அடிவயிற்றையும் இடுப்பையும் அழுத்திப் பிசையக் கூடாது. அறுவைப் புண் உள்ளே இன்னும் ஆறிக்கொண்டிருக்கும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால், தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கன்றிப்போகும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் உள்ளே இரத்தக் கட்டி இருக்கக்கூடும், அதைப் பிசைந்தால் நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். வீக்கமும் புண்ணும் இல்லாத கை, கால்களில் மெல்ல எண்ணெய் தடவிவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. உள்ளுக்குக் கொடுக்கும் சூரணம், கஷாயம் எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம். வெந்நீர் ஒத்தடத்தில் இன்னும் கவனம் தேவை: உணர்வில்லாத பாதம் சூட்டை அறியாது, தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். தண்ணீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் பார்த்த பிறகே அவர் காலை வைக்க வேண்டும். வெறுங்காலோடு முற்றத்திலும் நடக்கவிடாதீர்கள். இரவில் படுக்கும் முன் இரண்டு உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீமோவுக்குப் பிந்தைய இரண்டாவது வாரத்தில் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும், அப்போது முள் குத்திய சிறு புண்கூடக் காய்ச்சலில் கொண்டுவிடும். 100.4 டிகிரியைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

புற்று உண்மையிலேயே இடுப்பு நரம்புகளைத் தொட்டால் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, பயத்தை அது குறைக்கும். அங்கே வலிதான் முன்னால் வரும்: பெரும்பாலும் ஒரு பக்கமாக, கீழ் முதுகிலோ பிட்டத்திலோ தொடங்கிக் காலுக்கு இறங்கி, இரவில் அதிகமாகி, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும், அந்தக் கால் பலவீனப்படும், சில நேரம் வீங்கும். இப்படி இருந்தால் ஸ்கேன் அவசியம். அப்படிப்பட்ட வலிக்கும் இன்று வழி இருக்கிறது. காபாபென்டின் போன்ற மருந்துகளும், மார்ஃபினும், நரம்பில் ஊசி போட்டு வலியை மறிக்கும் முறையும் உண்டு. 2008இலேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென அரசுக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம் என்பதால், நீங்கள் போய்வரும் திசையில் அந்த உதவி கிடைப்பது கடினமல்ல. தங்கள் தாயாருக்கு நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் இவற்றில் எதுவும் இல்லை.

வெட்டுக்குத் திரும்புவதைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: கீமோ முடியும் வரை வேண்டாம், முடிந்த பிறகும் அவசரம் வேண்டாம். பேக்லிடாக்சலால் வந்த மரமரப்பு பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் குறைகிறது, சிலருக்கு ஒரு பகுதி தங்கிவிடுகிறது. பாதம் தரும் தகவல் குறைந்துபோனவர்கள் கண்ணால் பார்த்துத்தான் சமநிலையைக் காத்துக்கொள்கிறார்கள். தங்கள் தாயார் வேலை செய்வதோ விடிவதற்கு முன், தலையில் கட்டிய விளக்கின் ஒரு வட்ட வெளிச்சத்தில், பனியோ மழையோ நனைத்த சரிவில், கூர்மையான வெட்டுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு. பகலில் நன்றாக நடக்கிறாரே என்று நம்பி அனுப்பினால் இருட்டில் விழுவார். கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, நீங்கள் பக்கத்திலேயே கை நீட்டி நின்றுகொண்டு, கண்ணை மூடச் சொல்லிப் பாருங்கள். அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடியாதவரை வெட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச வேண்டாம். அதற்குப் பதிலாக, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற வேலைக்குப் போகட்டும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். விரல் நுனியில் உணர்வில்லாதவர் ரோலரில் ஷீட்டைத் தள்ளுவதும், பாலை உறையவைக்கும் ஆசிட்டை அளந்து ஊற்றுவதும் வெட்டைவிட ஆபத்து குறைந்தவை அல்ல. பகலில் பால் அளந்து கணக்கு எழுதும் வேலை கிடைத்தால் தாராளமாகப் போகலாம். கடைசிக் கீமோ முடிந்து மூன்று மாதம் கழித்து, அதே நைலான் இழைச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லி, அந்த முடிவைப் பார்த்த பிறகு வெட்டைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.